கிடங்கிலுள்ள பிளாஸ்டிக்கும் தீப்பாதுகாப்பும்

உறுப்பினர்களின் உழைப்பெல்லாம் பொருளாகி வந்து தங்குமிடம் சங்கத்தின் கிடங்கு. ஒரு காலத்தில் அங்கே பருத்தி நூற்சிப்பங்களும் சணல் சாக்குகளும் மரப்பெட்டிகளுமே நிறைந்திருந்தன. இன்று பாலித்தீன் உறை, பிளாஸ்டிக் கூடை, சொட்டுநீர்க் குழாய், பாலியெஸ்டர் நூல் ஆகியவையும் அவற்றோடு வந்து சேர்ந்துவிட்டன. சரக்கு மாறியும் தீத்தடுப்பு ஏற்பாடு மாறாதிருப்பின் அபாயம் பெரிது.

காரணம் எளியது. ஒரு கிலோ பருத்தியோ மரமோ எரிந்தால் சுமார் 4,000 கிலோ கலோரி வெப்பம் பிறக்கும். ஒரு கிலோ பாலித்தீன் எரிந்தால் சுமார் 11,000. அன்றியும், பாலித்தீன் உருகித் தரையில் ஓடி, எண்ணெயைப் போல் எரியும். பருத்திக்குப் போதுமான நீர்த்தெளிப்பு இதற்குப் போதாது.

ஆகவே சரக்கை வகைப்படுத்துதல் அவசியமாகிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு வெளியான தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சேமிப்புக் கட்டடங்களை 'எச்' பிரிவில் வைத்துள்ளது. உள்ளேயிருக்கும் சரக்கை ஆராய, அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 13ஆம் எண் விதி நல்ல வழிகாட்டி. அது சாதாரணச் சரக்கை நான்கு வகுப்புகளாகவும், பிளாஸ்டிக்கை மூன்று பிரிவுகளாகவும் பிரிக்கிறது. பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் ஆகியன மிகக் கடுமையான 'ஏ' பிரிவு, விறைப்பான பி.வி.சி., மெலமின் ஆகியன 'சி'. ஒரே தோட்டத்திற்கு வாங்கிய பி.வி.சி. தலைக்குழாய் 'சி' பிரிவிலும், பாலித்தீன் பக்கக்குழாய் 'ஏ' பிரிவிலும் அமைவதைக் காண்க. 'சி' பிரிவென்றால் தீங்கற்றது என்பதன்று, பி.வி.சி.யின் புகை நுரையீரலை அரிக்கும்.

பொருளை மட்டும் பார்த்தல் போதாது. அதன் வடிவையும் கட்டுமானத்தையும் சேர்த்தே நோக்க வேண்டும். அட்டைக் கண்டில் சுற்றிய பருத்தி நூல் மூன்றாம் வகுப்பு. அதே நூலைப் பிளாஸ்டிக் கண்டில் சுற்றினால் அபாயநிலை உயர்ந்துவிடும். நுரை வடிவப் பிளாஸ்டிக், கெட்டியான பிளாஸ்டிக்கினும் விரைந்து எரியும். மூட்டைகளைத் தாங்கும் அடித்தட்டு மரமாயிராமல் பிளாஸ்டிக்காயிருந்தாலும் வகுப்பு மேலேறும். அடுக்கின் உயரமும் கணக்கில் சேரும்.

சங்கச் செயலாளர் செய்யத்தக்கது யாது? சரக்கின் பெயர், மூலப்பொருள், கட்டுமானம், அளவு, அடுக்கின் உயரம் ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடு வைத்தல். பல பொருள்களின் அடியில் முக்கோணத்துள் ஓர் எண் இருக்கும்: 2, 4 பாலித்தீன், 3 பி.வி.சி.; 5 பாலிபுரொப்பிலீன்; 6 பாலிஸ்டைரீன். எண் இல்லையேல் விற்றவரிடம் எழுதிக் கேட்கலாம். ஐயமுள்ளதைக் கடுமையான பிரிவிலேயே சேர்த்தல் நலம். புதுவகைச் சரக்கு வருமுன் அப்பதிவேட்டைத் தீயணைப்புத் துறையினருக்கும் காப்பீட்டாருக்கும் காட்டி ஆலோசனை பெறுதல் வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவைக் கேட்கும் உறுப்பினர்கள், இப்பதிவேட்டையும் கேட்பார்களாக. கிடங்கில் இருப்பது நம் அனைவரின் பொருளன்றோ!