கொழும்பின் நவீன கட்டடக்கலை: யப்பானிய அனுபவத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழில் கட்டடக்கலை பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் கோயில்களோடு அமைந்துவிடுகின்றன. விமானமும் கோபுரமும் மண்டபமும் பெற்ற கவனத்தை, நாம் குடியிருக்கும் வீடும் பணியாற்றும் அலுவலகமும் பெறவில்லை. எனினும், ஒரு சமூகத்தின் பொருளாதார அடித்தளமும் அதிகார உறவுகளும் துலக்கமாகப் பதிவாகும் இடங்களுள் நகரக் கட்டடங்களும் அடங்கும். இக்கட்டுரையில், கொழும்பு மாநகரின் நவீன கட்டடங்களை, ஆசியாவில் நவீனத்துவத்தை முன்கூட்டியே எதிர்கொண்ட யப்பானின் அனுபவத்தோடு ஒப்பிட்டு நோக்க முயல்கின்றோம்.

நவீன கட்டடக்கலை என்னுந் தொடர் முதற்கண் விளக்கம் வேண்டுவது. உருக்கு, கண்ணாடி, கொங்கிறீற் ஆகியவற்றால் உயர எழுப்பப்படுவன யாவும் நவீனமானவை என்பது பொதுவான எண்ணம். வரலாற்று நிலையில் அஃது அவ்வாறன்று. கைத்தொழிற் சமூகம் தந்த புதிய பொருள்களையும் பொறியியல் அறிவையும் கொண்டு, பெருந்தொகை மக்களின் தேவைகளை அலங்காரச் சுமையின்றி நிறைவேற்றுதலே அவ்வியக்கத்தின் தொடக்க நோக்கமாக இருந்தது. முதலாம் உலகப் போரின் பின்னர் ஐரோப்பாவில் எழுந்த தொழிலாளர் குடியிருப்புப் பிரச்சினை அதற்கு வலுவான உந்துதலாயிற்று. ஆதலின் ஒரு கட்டடத்தின் நவீனத்தன்மையை அதன் உயரத்தைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. அது யாருக்காக எழுந்தது, எந்தக் காலநிலையில் நிற்கின்றது, எவரது மரபைத் தன் மரபாக ஏற்கின்றது என்பனவே நாம் கேட்க வேண்டிய வினாக்களாகும்.

யப்பான் கண்ட விடை

இவ்வினாக்களை யப்பானியக் கட்டடக் கலைஞர் நேரடியாகவே எதிர்கொண்டனர். பாரிசில் லே கோபூசியேயின் பணிமனையில் 1928 முதல் 1930 வரை பயின்று திரும்பிய குனியோ மாயேகாவாவும், மாயேகாவாவின் அலுவலகத்தில் தொழில் பழகிய கென்சோ தாங்கேயும் இவ்வகையில் முக்கியமானவர்கள். அணுகுண்டால் அழிந்த ஹிரோஷிமாவில் 1955இல் திறக்கப்பட்ட அமைதி நினைவு அரும்பொருட் காட்சியகம் தாங்கே வரைந்ததாகும். தூண்களின் மேல் நிலத்தினின்றும் உயர்த்தப்பட்ட அதன் நீண்ட வடிவம் லே கோபூசியேயை நினைவூட்டினும், பழைய யப்பானிய மரக் கட்டடங்களின் அமைப்பொழுங்கையும் அதிற் காணலாம். 1958இல் நிறைவுற்ற ககாவா மாகாண அரசாங்கப் பணிமனையில் இப்பண்பு மேலும் தெளிவாயிற்று. மர உத்தரங்களை அடுக்கும் முறை அங்குக் கொங்கிறீற்றில் மறுபிறப்பெடுத்தது. 1964ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிகளுக்காக எழுந்த யோயோகி விளையாட்டரங்கின் தொங்கு கூரை, யப்பானியப் பொறியியலின் தன்னம்பிக்கையை உலகறியச் செய்தது.

இக்கட்டடங்களினும் நமக்குப் பயன்படுவது அவற்றையொட்டி எழுந்த விவாதமே. 1950களின் நடுப்பகுதியில் யப்பானியக் கட்டடக்கலைச் சஞ்சிகைகளில் மரபு பற்றியதொரு நீண்ட கருத்துப்போர் நிகழ்ந்தது. நவீன கட்டடம் மரபிலிருந்து கற்க வேண்டும் என்பதில் பலரும் உடன்பட்டனர். ஆயின், எந்த மரபிலிருந்து? அரண்மனைகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் கண்ட மெல்லிய நேர்த்தியிலிருந்தா? மண்ணோடு இயைந்த பொதுமக்களின் முரட்டு வலிமையிலிருந்தா? முன்னதை யயோய் மரபென்றும் பின்னதை யோமோன் மரபென்றும் குறித்து அவர்கள் வாதிட்டனர். மரபு என்பது ஒருமையன்று. அதனுள்ளும் வர்க்க வேறுபாடு உண்டு என்னுந் தெளிவு இவ்விவாதத்தின் பேறாகும்.

யப்பானிய முயற்சிகள் யாவும் வென்றன என்பதற்கில்லை. 1960இல் டோக்கியோவில் நடைபெற்ற உலக வடிவமைப்பு மாநாட்டையொட்டி, நகரம் உயிரினம் போல் வளர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டும் எனக் கூறிய ஓர் அணி தோன்றியது. அவ்வணியினருள் ஒருவரான கிஷோ குரோகாவா 1972இல் நக்காகின் கோபுரத்தை எழுப்பினார். 140 சிற்றறைகள் இரு தூண்களிற் பொருத்தப்பட்டிருந்தன. இருபத்தைந்து ஆண்டளவில் அவற்றைக் கழற்றிப் புதியன பொருத்தலாம் என்பது திட்டம். ஒரு சிற்றறைதானும் அவ்வாறு மாற்றப்படவில்லை. பராமரிப்பின்றிச் சிதைந்த அக்கட்டடம் 2022இல் முற்றாகப் பிரிக்கப்பட்டது. தனித்தனி உரிமையாளர் பலர் சேர்ந்து ஒரு கட்டடத்தைப் பேணுவதற்குரிய சமூக ஒழுங்கு இன்றேல், தொழில்நுட்பம் மட்டும் அதனைக் காக்காது என்பது இதனாற் பெறப்படும்.

டோக்கியோவிலிருந்து புதுச்சேரிக்கு

யப்பானில் உருவான இவ்வறிவு தமிழ் நிலத்தையும் ஒருகால் தொட்டது என்பது பலர் கவனியாத செய்தி. புதுச்சேரியில் 1930களின் பிற்பகுதியிலும் 1940களின் முற்பகுதியிலும் எழுப்பப்பட்ட 'கொல்கொண்டா' விடுதியை வரைந்தவர், டோக்கியோவில் பணிமனை நடத்திவந்த அன்ரனின் றேமண்ட். அவர் பணிமனையைச் சேர்ந்தவரும், யப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்தவருமான ஜோர்ஜ் நகாசிமா அங்கிருந்து வேலையை மேற்பார்வை செய்தார். இந்தியாவின் தொடக்ககால நவீன கொங்கிறீற் கட்டடங்களுள் ஒன்றான இதன் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குவன. சாளரங்களுக்குப் பதிலாகத் திருப்பத்தக்க கிடைத்தட்டுகள் சுவர் முழுவதும் அமைந்துள்ளன. வெயிலும் மழையும் தடுக்கப்பட, காற்று மட்டும் ஊடுருவிச் செல்கிறது. அறைகளுக்குக் குளிரூட்டி வேண்டியதில்லை. வெப்பமண்டலத்தில் நவீன கட்டடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்குக் கொழும்புக்கு மிக அண்மையிலேயே அன்றே ஒரு விடை இருந்தது.

கொட்டாஞ்சேனையிற் காணும் பாடம்

கொழும்பிற்கு வருவோம். நகரின் வடபாலுள்ள கொட்டாஞ்சேனையும் அதன் சுற்றயலும், பிறநாட்டு வடிவங்கள் இம்மண்ணின் வெம்மைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டமைக்குச் சான்று பகர்வன. 1749இல் தொடங்கப்பெற்று 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம், தடித்த சுவர்களாலும் உயர்ந்த கூரையாலும் உள்ளே குளிர்ச்சியைப் பேணுகின்றது. கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம், சேர். பொன். இராமநாதனால் 1907க்கும் 1912க்கும் இடையிற் கருங்கல்லாற் புதுக்கப்பட்டது. நண்பகலிலும் அதன் கல் மண்டபங்களில் வெம்மை தணிந்தே இருக்கும். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தையுஞ் சேர்த்து, இவற்றைக் காணவே இன்று பயணிகள் இப்பகுதிக்கு வருகின்றனர்.

ஆனால், இவ்வாலயங்களின் பின்புறத்தே துறைமுகத் தொழிலாளரும் சிறுவணிகரும் வாழ்ந்த 'தோட்டங்கள்' உள்ளன. ஒரே நீர்க்குழாயையும் ஒரே மலகூடத்தையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட வரிசை வீடுகள் அவை. பற்றிக் கெடிஸ் 1921இல் கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகராக்கும் திட்டமொன்றை வரைந்தார். கறுவாத்தோட்டத்திற் பெருமரங்கள் நிழல் பரப்பின. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களின் நெரிசல் குறையவில்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன்பின் இத்தகைய குடியிருப்புகளிலிருந்து பல்லாயிரவர் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுக்கு உறுதியான கூரையும் தனி மலகூடமும் கிடைத்தமை உண்மை. முற்றத்தையும் வாசற்படிக் கடையையும் அயலையும் அவர்கள் இழந்தமையும் உண்மையே.

குடியிருப்போரைக் கேட்டறிந்து வரைந்தவர்

இம்மக்களிடம் எவரேனும் முன்கூட்டிக் கேட்டனரா என்ற வினா எழும்போது மினெற் டி சில்வாவின் பெயர் நினைவுக்கு வருகின்றது. கண்டியிற் பிறந்து பம்பாயிலும் இலண்டனிலும் பயின்ற இவர் (1918–1998), லே கோபூசியேயோடு நட்புப் பூண்டிருந்தவர். பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் 1948இல் இணை உறுப்புரிமை பெற்ற முதல் இலங்கைப் பெண்ணும் இவரே. கண்டியில் கருணாரத்ன இல்லத்தைக் கொங்கிறீற்றையும் கிராமியக் கைவினைஞரின் பாய், ஓடு, அரக்கு வேலைகளையும் இணைத்து எழுப்பினார். 1950களின் பிற்பகுதியில் வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை வரையுமுன், அங்குக் குடியேறவிருந்த பல இனத்தவரான அரச ஊழியரிடம் வினாக்கொத்து மூலமும் கூட்டங்கள் மூலமும் தேவைகளைக் கேட்டறிந்தார். சமையலறை எங்கே அமைதல் வேண்டும், வழிபாட்டுக்கு இடம் வேண்டுமா என்பன போன்றவற்றைக் குடியிருப்போரே கூறும் நிலை அங்கு ஏற்பட்டது. இக்காலத்திற் பங்கேற்புத் திட்டமிடல் எனப் பெரிதாகப் பேசப்படுவது இதுவே.

ஜெப்ரி பாவா (1919–2003) உலகப் புகழ் பெற்றவர். அப்புகழில் தமிழரொருவருக்கும் பங்குண்டு. 1967க்குப் பின் பாவாவின் தொழிற் பங்காளராகவும் பொறியியலாளராகவும் விளங்கிய கலாநிதி பூலோகசுந்தரமே அவர். கொழும்பில் 1976க்கும் 1978க்கும் இடையில் அரச ஈட்டு வங்கிக்காக எழுந்த 12 மாடிக் கட்டடம் அவர்கள் காலத்தது. காற்றை உள்வாங்குமாறு திசையும் வடிவும் கணிக்கப்பட்டு, இயற்கைக் காற்றோட்டத்தோடு இயங்குமாறு அது வரையப்பட்டது. உயர்ந்த கட்டடம் குளிரூட்டியின்றி இயலாது என்பார்க்கு அது நேர் மறுப்பாகும்.

தியவன்னா ஓயாவின் நடுவே பாவா வரைந்த பாராளுமன்றம் யப்பானோடு நேரடித் தொடர்புடையது. மிற்சுயி தலைமையிலான யப்பானிய ஒப்பந்தக்காரர் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, மூன்றாண்டளவில் வேலையை முடித்தனர். செப்புக் கூரைகளோடு அது 1982 ஏப்ரலில் திறக்கப்பட்டது. யப்பானிய விவாதம் எழுப்பிய வினாவை இங்கும் எழுப்புதல் தகும்: இக்கூரைகள் எவரது மரபைப் பேசுகின்றன? 1983 ஓகத்தில் நிறைவேறிய ஆறாவது திருத்தத்தின் பின், தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அம்மன்றத்தில் தம் ஆசனங்களை இழந்தனர். கட்டடத்தின் அழகு அதனுள் எல்லோருக்கும் இடமுண்டு என்பதற்கு உத்தரவாதமாகாது.

வெள்ளவத்தையின் தொடர்மாடிகள்

அந்த 1983 வெள்ளவத்தையின் கட்டட வரலாற்றிலும் ஒரு திருப்பமாகும். யூலை வன்செயலில் இங்குத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பின்வந்த போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் இப்பகுதியையே நாடினர். புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணம் இதனோடு சேர்ந்தது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய ஒழுங்கைகளில் விறாந்தையும் மாமரமும் கொண்ட தனி வீடுகள் இடிக்கப்பட்டு, தொடர்மாடிகள் நெருங்கி எழுந்தன. பாதுகாப்பைத் தேடிய மக்கள் கூட்டாக வாழ விழைந்ததன் விளைவு இது. இதனை வெறும் ஆடம்பர மோகம் என்று தள்ளுதல் நேர்மையாகாது.

ஆனால், வீடு தேடியோரின் அவசரம் நிலவணிகரின் ஆதாயமாயிற்று. எல்லைவரை எழுந்த சுவர்கள் அயல்வீட்டுச் சாளரத்தை அடைக்கின்றன. கடல் முகப்பிலுள்ளவை காற்றை மறிக்க, உள்ளே இருப்பவை குளிரூட்டியை நம்புகின்றன. நாற்சார் வீட்டு முற்றத்திற்கு ஈடாக எஞ்சியிருப்பது பல மாடிகளின் ஊடே இறங்கும் ஓர் ஒடுங்கிய ஒளிக்குழி மட்டுமே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்தபோது, இக்கட்டட முறையின் பலவீனம் வெளிப்பட்டது. மின்னுயர்த்தியும் நீரேற்றும் பொறியும் குளிரூட்டியும் மின்சாரத்தையே நம்பியிருக்கும் மாடிகளில், முதியோரும் நோயாளரும் அதன் சுமையை மிகுதியாகத் தாங்கினர்.

வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையின் கதையும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1933இல் கொல்வின் ஆர். டி சில்வா முதலானோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தால் இடதுசாரி இயக்க வரலாற்றில் இடம்பெற்றது அவ்வாலை. சிங்களவரும் இந்திய வம்சாவளித் தொழிலாளரும் ஒருங்கே உழைத்த அந்நிலத்தில் இன்று உயர் வருவாயினர்க்கான கோபுர வீடுகள் நிற்கின்றன. அங்கு உழைத்தோரின் வழிவந்தவர்கள் அவற்றை வாங்கவியலார்.

முடிவுரை

350 மீற்றர் உயர்ந்து, 2022 செப்டெம்பரிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தையே கொழும்பின் நவீனத்துவத்துக்கு அடையாளமாகப் பயணிகளுக்குக் காட்டுகின்றனர். நாம் காட்ட விழைவன வேறு. காற்றைக் கணித்த வங்கிக் கட்டடமும், குடியிருப்போரைக் கேட்டு எழுந்த வட்டப்புளுவ வீடுகளும், கடலுக்கப்பாலுள்ள புதுச்சேரி விடுதியுமே நம் வருங்காலத்திற்கு வழிகாட்டுவன. யப்பான் நமக்குக் கற்பிப்பதும் கொங்கிறீற்றின் திறனை மட்டுமன்று, எவரது மரபு என்று துணிந்து வினவும் பழக்கத்தையுமே. கொட்டாஞ்சேனைத் தோட்டத்திலிருந்து மாடிக்கு மாற்றப்படுபவரும், வாழ்நாட் சேமிப்பைக் கொட்டி வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டை வாங்குபவரும் அவ்வினாவை எழுப்பும் உரிமையுடையர். வெளிச்சமும் காற்றும் சதுர அடிக் கணக்கில் விற்கப்படும் பண்டங்களாக இருத்தலாகாது. கட்டட ஒழுங்குவிதிகளால் எல்லோர்க்கும் உறுதிசெய்யப்பட வேண்டிய அடிப்படைத் தேவைகளாதல் வேண்டும். அதற்கான கோரிக்கையை முன்வைத்தல் கட்டடக் கலைஞரின் பணி மட்டுமன்று. சமூக ஆய்வாளரின் கடனுமாகும்.