பூளையும் பீளையும்: ஒரு பூப்பெயரின் திரிபு

சேலம், நாமக்கல் சமவெளிகளின் மேய்ச்சல் நிலங்களிலும் வரப்புகளிலும் தானே முளைக்கும் சிறுசெடி பூளை. மார்கழி இறுதிநாளில் இதன் வெண்ணிறப் பூங்கொத்துகளை வேப்பிலை, ஆவாரம்பூ ஆகியவற்றோடு சேர்த்து வீட்டிலும் மாட்டுத்தொழுவத்திலும் வயலிலும் காப்புக் கட்டுவது இப்பகுதி மரபு. மக்கள் இதனைப் பூளைப்பூ, பூளாப்பூ என்கின்றனர். சித்த மருத்துவ வழக்கில் இது சிறுபீளை. இவ்விரு வடிவங்களுள் முந்தையது எது என்பதைப் பொறுத்தே பெயர்க்காரணமும் அமையும்.

பீளை என்பது கண்ணில் சேரும் அழுக்கு. கண்ணுப்பீளை என்னும் வழக்கும் இருப்பதால், பூவின் தோற்றம் அதனை ஒத்திருப்பதே பெயர்க்காரணம் எனக் கொள்ளத் தோன்றும். ஆயின், இலக்கியச் சான்று இதற்கு இடந்தரவில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களுள் ஒன்று குரீஇப்பூளை. உரைமரபு இதனைச் சிறுபூளை என்கிறது. பெரும்பாணாற்றுப்படை வரகுச் சோற்றுக்குப் பூளைப்பூவை உவமையாக்குகிறது. மலையாளத்தில் இச்செடி செறுபூள, செறூள எனப்படும். பூள என்பது அங்கு இலவமரத்தின் பெயர். இலவம் பஞ்சு தருவது. பூளைப்பூவோ பஞ்சுபோன்ற மென்மயிர் போர்த்தது. லின்னேயசு 1753இல் இச்செடிக்கு இட்ட 'லனாட்டா' என்னும் இலத்தீன் சிறப்புப்பெயரும் கம்பளிமயிர் உடையது என்றே பொருள்படும். எனவே, பஞ்சுத்தன்மையே பெயருக்கு அடிப்படை எனல் பொருந்தும்.

பூளை பீளையானது எவ்வாறு? பேச்சுத் தமிழில் 'பிடி' 'புடி' என்றும் 'வீடு' 'வூடு' என்றும் ஒலிப்பதுண்டு. கண்பீளையும் பேச்சில் பூளை ஆகிறது. இதனால் செடிப்பெயரான பூளையும் கொச்சை எனக் கருதப்பட்டு, எழுத்துவழக்கில் பீளை எனத் 'திருத்தப்பட்டது' எனலாம். பிழையற்ற வடிவமே இங்குப் பிழையாக எண்ணப்பட்டுள்ளது.

அடைமொழிகளும் கருதத்தக்கவை. பெரும்பாணாற்றுப்படை சுட்டுவது நீண்ட கொத்துடைய பூளை. சிறுபூளையின் கொத்துகளோ இலைக்கக்கங்களில் குறுகி அமைபவை. நீண்ட கதிர் பெரும்பூளைக்கே உரியது. ஆகவே, பூளை இவ்வினச் செடிகளுக்குப் பொதுப்பெயராகவும், சிறு, குரீஇ என்பன வகைபிரிக்கும் அடைகளாகவும் நின்றன எனக் கொள்ளலாம். சங்க நூற் பூளையை எல்லா இடத்தும் சிறுபீளை எனப் பொருளெழுதுவது இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

களஆய்வில் பூளாப்பூ எனக் கேட்கும் சொல்லைச் சிறுபீளை என மாற்றிப் பதிவது, சங்கச் சொல்லொன்றின் வாழும் சான்றை இழப்பதாகும்.