இரண்டு தேதிகளுக்கு நடுவே

கணினி வருவதற்கு முன் கூட்டுறவு வங்கியில் நகையைத் திருப்ப ஆள் வந்து நின்றால், குமாஸ்தாவின் முதல் வேலை நாள் எண்ணுவது. நகை வைத்த மாதத்தில் மிச்சம் எத்தனை நாள், நடுவில் எத்தனை முழு மாதம், திருப்பும் மாதத்தில் எத்தனை நாள் என்று துண்டுத்தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுவார். எந்த மாதத்துக்கு 31, எதற்கு 30 என்பதற்குக் கைமுட்டி இருந்தது. பிப்ரவரி நடுவில் வந்தால் லீப் வருடமா என்று ஒரு முறை நிதானிப்பார். பிறகு அசலை நாளாலும் வட்டி விகிதத்தாலும் பெருக்கி 36500-ஆல் வகுப்பார்.

எல்லோருக்கும் தெரிந்த இரண்டு தேதிகளை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை. ஆகஸ்டில் மிச்சம் 16, செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஆக 138. அடுத்த ஆண்டு 1948, லீப் வருடம், 366. பிறகு 365. கடைசியில் ஜனவரியின் 26. மொத்தம் 895 நாள். பழகிய கைக்கு இது ஒரு நிமிட வேலைதான். ஆனால் மாலை வரை வரிசையில் ஆள் நிற்கும் நாளில், எங்கோ ஒரு 31 இடத்தில் 30 விழுந்துவிடும்.

90-களில் சின்ன ஊர்களின் கம்ப்யூட்டர் சென்டர்களில் டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருள்களைக் கற்றுக்கொண்டவர்களுக்கு, ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியை நேராகக் கழிக்கலாம் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. 1984-இல் வந்த டிபேஸ் III-இல் தேதிக்கென்றே தனி ஃபீல்டு இருந்தது. இன்று அதே வகை மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் க்வெரியின் ஒரு கட்டத்தில் திருப்பிய தேதி, கழித்தல் குறி, வைத்த தேதி என்று எழுதினால் போதும். ஆயிரக்கணக்கான கடன்களுக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் நாள் வந்துவிடும். மாதக்கணக்கோ வருடக்கணக்கோ வேண்டுமென்றால் டேட்டிஃப் என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

உள்ளே நடப்பது எளிமையானது. ஆக்சஸுக்குத் தேதி என்பது ஓர் எண். 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்யமாக வைத்து அது வரிசையாக எண்ணிக்கொண்டே போகிறது. 1947 ஆகஸ்ட் 15-க்கு 17394. 1950 ஜனவரி 26-க்கு 18289. கழித்தால் அதே 895. இந்த எண்ணை 7-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் கிழமையும் கிடைக்கும். மீதி 1 என்றால் ஞாயிறு. 17394-க்கு மீதி 6, வெள்ளிக்கிழமை. சுதந்திரம் வந்தது வெள்ளிக்கிழமைதான்.

நாட்களை ஒரே வரிசையில் எண்ணும் இந்த வழி நம் மண்ணுக்குப் புதிதே அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் 95 மாணவர்கள் பயிலும் சாலையும் அமைத்ததைச் சொல்லும் செப்பேடு, அந்த நாளைக் கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் கழிந்த நாள் என்று குறிக்கிறது. இன்றைய கணக்கில் அது கி.பி. 866. மாதமும் ஆண்டும் நீளத்தில் மாறும், அரசனின் ஆட்சியாண்டு அவனோடு முடியும், நாளெண் மட்டும் ஒன்றொன்றாக ஏறிக்கொண்டே போகும் என்று தெரிந்தவர்களின் வேலை அது. பஞ்சாங்கக் கணிதர்கள் இந்தக் கலிதினத்தை வைத்தே கிரகங்களின் இருப்பைக் கணித்தார்கள். கிழமையை அறிய அவர்களும் 7-ஆல்தான் வகுத்தார்கள். பின்னால் எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை 1922-இல் வெளியிட்ட 'இந்தியன் எஃபிமெரிஸ்' கி.பி. 700 முதல் 1799 வரையிலான இந்தியத் தேதிகளை ஆங்கிலத் தேதிகளோடு பொருத்திப் பார்க்க அட்டவணைகள் தந்தது. கல்வெட்டு ஆய்வாளர்கள் பல தலைமுறையாக அதைப் புரட்டியிருக்கிறார்கள்.

ஆகவே மாறியது கழிக்கும் கை மட்டும் என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. குமாஸ்தா கையால் எண்ணியபோது, முதல் நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதை ஒவ்வொரு முறையும் அவரே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. 10-ஆம் தேதி முதல் 14 வரை விடுப்பு என்றால் 5 நாள். ஆக்சஸில் கழித்தால் 4 வரும். ஒன்றைக் கூட்ட வேண்டும். மண்டல விரதத்துக்குத் தொடங்கிய நாளே முதல் நாள். நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு நேர்மாறு: 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி கெடு தொடங்கும் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரே இரண்டு தேதிக்கு இப்படி வேறு வேறு விடைகள், எல்லாமே சரியானவை. அன்று அந்த விதி குமாஸ்தாவின் பழக்கத்தில் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். இன்று அது யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன க்வெரிக்குள் ஒரு கூட்டல் 1-ஆக ஒளிந்திருக்கிறது, அல்லது இல்லாமலே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. அந்த விதியை ஃபார்மிலேயே ஒரு வரியாக எழுதி வைப்பது கட்டாயமாக இருக்க வேண்டும் என்பேன்; ஒரு நாள் தவறினால் மேல்முறையீடே தள்ளுபடியாகிவிடலாம்.

பிழைகளின் குணமும் மாறிவிட்டது. கையால் செய்த பிழை ஒரு கடனில் ஒரு முறை நேரும். க்வெரியில் செய்த பிழை எல்லாக் கடனிலும் நேரும், அதுவும் ஒழுங்காக. க்வெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லில், ஆக்சஸுக்குத் தேதியை நேரடியாக எழுதும்போது மாதம்தான் முதலில் வர வேண்டும், அமெரிக்க முறைப்படி. நம் வழக்கப்படி 03/04/2024 என்று எழுதினால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். அதே ஆள் 13/04/2024 என்று எழுதினால், 13-ஆவது மாதம் கிடையாது என்பதால் ஆக்சஸ் தானே திருப்பி ஏப்ரல் 13 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது மாதத்தின் 13-ஆம் தேதி முதல் எல்லாம் சரியாக வரும். முதல் 12 தேதிகளில்தான் தவறும். 20-ஆம் தேதி வாக்கில் சோதித்துப் பார்த்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

டேட்டிஃப்பிலும் இப்படி ஒரு குழி. வருடம் என்று கேட்டால் அது முழு வருடங்களை எண்ணுவதில்லை, எத்தனை ஜனவரி 1-ஐத் தாண்டினோம் என்று எண்ணும். டிசம்பர் 31-இல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே ஒரு வயது என்று சொல்லும். ஓய்வூதியத் தகுதியை இதை வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டின் பிறந்தநாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் கழிக்கும் நிபந்தனையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பழைய ஆவணங்களை ஆக்சஸில் ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கிரிகோரியன் நாட்காட்டியில் இருந்தார்கள். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் வீழ்ந்த நாள் ஒரு பக்கத்துக்கு செப்டம்பர் 10, மறுபக்கத்துக்கு செப்டம்பர் 21. இரண்டையும் அப்படியே ஏற்றிக் கழித்தால், ஒரே நாளுக்கு நடுவே 11 நாள் இருப்பதாக விடை வரும். ஆக்சஸ் கி.பி. 100-லிருந்தே தேதிகளை ஏற்றுக்கொள்ளும், எல்லாவற்றையும் கிரிகோரியனாகவே எண்ணும், கேள்வி கேட்காது. எனவே தேதிக்குப் பக்கத்தில் எந்த நாட்காட்டி என்று குறிக்க இன்னொரு ஃபீல்டு வேண்டும். 1752 செப்டம்பர் 2 வரையிலான ஆங்கிலேயத் தேதி என்றால் 11 நாளைக் கூட்டிவிட்டுத்தான் கழிக்க வேண்டும். 1700 பிப்ரவரி வரையிலான கோட்டை ஆவணங்களுக்கு 10.