கூடாரத்தில் கைக்குழந்தை

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் கைக்குழந்தை பிறந்துவிட்டால் வெளியூர்ப் பயணம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பாட்டியிடம் விட்டுச் செல்லலாமென்றால் பாட்டியோ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். இரண்டு நாள் விடுமுறையில் ஊர் போய்த் திரும்பவும் இயலாது. ஆகவே இளந்தாய் ஓர் அறையிலும் ஒரு பால்கனியிலுமாக ஓராண்டைக் கழிக்கிறாள். இதைவிட, குழந்தையையும் உடனழைத்துக்கொண்டு ரிஷிகேசத்தை அடுத்த சிவபுரியில், கங்கையை நோக்கிய கூடாரமொன்றில் ஓரிரவு தங்கி வருவது நன்று என்பது நமது துணிபு. வீட்டு முதியோர் முகஞ்சுளிப்பர். அவர்கள் அஞ்சுவதில் பாதி நியாயமானதே. அந்தப் பாதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

மூன்று மாதம் நிறையாத சிசுவை அழைத்துச் செல்லலாகாது. அவ்வயதில் 100.4 பாகை காய்ச்சல் கண்டாலே காலந் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிகள் முடிந்தபின் புறப்படுவது உத்தமம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதுமாதலால் புட்டி, அடுப்பு, வெந்நீர் என்ற தொல்லையே இல்லை. உண்மையைச் சொன்னால், நான்கு மாதக் குழந்தை ஒன்பது மாதக் குழந்தையைவிடச் சாதுவான பிரயாணி. தவழத் தொடங்கியதற்குக் கண்ட கூழாங்கல்லெல்லாம் பட்சணம். கூழ் உண்ணும் குழந்தைக்குக் கேழ்வரகு மாவை வீட்டிலேயே வறுத்தெடுத்துச் செல்க. நீர் தளதளவெனக் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கங்கை நீர் புனிதமே. எனினும் காய்ச்சாமல் புகட்டற்க.

மழைக்காலம் கூடவே கூடாது. அக்டோபர், நவம்பர், மார்ச் ஆகிய மாதங்கள் ஏற்றவை. பகலில் இதமான வெயில் அடிக்கும். இரவிலோ குளிர் தரையிலிருந்து ஏறும். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதே முக்கியம் என்பதைப் பலர் உணர்வதில்லை. காற்றடைத்த மெத்தையில் சிசுவைக் கிடத்தலாகாது. அமுங்கி மூச்சு முட்டும். கெட்டியான விரிப்பில், தனியே, மல்லாந்து உறங்கட்டும். கனத்த ரஜாயும், கழன்று மூக்கை மூடும் குல்லாயும் வேண்டாம். (நவம்பர் பிறந்ததும் குரங்குக் குல்லாய் தேடும் நம்மவர் இதனைப் பொறுத்தருள்க!) கையும் காலும் சில்லென்றிருப்பது கணக்கல்ல, பிடரியையும் மார்பையும் தொட்டுப் பார்த்தே ஆடையைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும்.

எல்லாவற்றினும் கொடியது அங்கீட்டி. குளிர் மிகுந்தால், கூடாரக்காரர் நல்லெண்ணத்துடனேயே கரியிட்ட கணப்பைக் கொண்டுவந்து உள்ளே வைக்க முன்வருவர். உறுதியாக மறுத்துவிடுங்கள். மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாண்டுபோவர். வடநாட்டில் குளிர்காலந்தோறும் இவ்வகைச் சாவுகள் பத்திரிகைகளில் வருகின்றன. பெரியவரைவிட விரைந்து மூச்சு வாங்கும் குழந்தையை அது முதலில் தாக்கும். புகை அடங்கிய தணல் தீங்கற்றது என்று எண்ணுவது பெரும் பிழை. புகையில்லாத தணலிலும் அந்த நஞ்சு உண்டு. கணப்பு வெளியே இருக்கட்டும், கூடாரத்தின் காற்றுவழி திறந்திருக்கட்டும்.

ஆற்றங்கரையில் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்துவோரும் கவனிக்க: மேலே டெஹ்ரி அணையில் மின் உற்பத்திக்காக நீர் திறக்கையில், மழையே இல்லாத நாளிலும் ஆறு உயரும். இரண்டு மாதம் கடந்த குழந்தைக்கே கொசு விரட்டித் தைலம் ஆகும். கொசுவலையோ எவ்வயதினருக்கும் ஆகும். ரிஷிகேசத்தில் எய்ம்ஸ் மருத்துவமனை இருப்பது ஒரு தைரியம்.

ரயிலைப் பற்றி நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வது? 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை கட்டணமில்லை. எனினும் முன்பதிவுப் படிவத்தில் அதன் பெயரை எழுதத் தனிக் கட்டம் உண்டு. பலர் அதை வெறுமையாகவே விட்டுவிடுகின்றனர். மேல் படுக்கைக் கம்பியில் சேலைத் தூளி கட்டுவது நம்மவர் வழக்கம். வண்டி சடக்கென நின்றால் தூளி வீசிப்போய் இரும்பில் மோதும். இரவில் அது வேண்டாம். 2022 மே மாதத்தில் லக்னோ மெயிலில், கீழ்ப்படுக்கையோடு இணைந்த சிறு குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்தினர். அத்தகையது கிட்டாத வண்டியில் தாய்க்குக் கீழ்ப்படுக்கையே கேட்டுப் பெறுக. எதிர்ப் படுக்கையில் தகப்பனார் பாதி உறக்கத்துடன் இருந்தால் போதும்.