ஒரு கூடை வித்தியாசம்

விளையாட்டில் தாய்மை ஓய்வுக்கான அறிவிப்பாகவே பல காலம் கருதப்பட்டதை நாம் அறிவோம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அதை ஏற்கவில்லை. பத்தொன்பது வயதிலேயே இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். மகன் பிறந்தபின் உடலை மீண்டும் பழக்கி, அணிக்குத் திரும்பினார்.

2017 ஜூலையில் பெங்களூரில் நடைபெற்ற ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில், அவர் இடம்பெற்ற இந்திய அணி கஜகஸ்தானை 75–73 என்று வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. இரு அணிகளையும் பிரித்தது ஒரே ஒரு கூடை!

ஆட்டவாழ்வின் இறுதிக்கட்டத்தில் கிட்டிய வெற்றி இது. 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தது. நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த உழைப்பு, உரிய வேளையில் கைகொடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று நமக்கு வேண்டுமா?