கிணறு சொல்லும் கணக்கு

மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகிற நம்மவர்கள் எல்லோரும் குண்டலுப்பேட்டையைக் கடந்துதான் போகிறோம். வழியில் மஞ்சளும் வாழையும் செழித்து நிற்பதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். அவ்வளவுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யோசித்ததில்லை. ஊரிலிருந்து தம்பி தொலைபேசியில் கேட்டபோதுதான் யோசிக்க நேர்ந்தது. "அண்ணா, ஒரு போர் வத்திப்போச்சு. இன்னொண்ணு அரைமணிதான் ஓடுது. நகையை அடகு வெச்சு மூணாவது போடலாமா?"

குண்டலுப்பேட்டைக்கு அருகே பேரம்பாடி என்ற நீர்ப்பிடிப்புப் பகுதி இருக்கிறது. பரப்பு சுமார் 84 சதுர கிலோமீட்டர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் அங்கே விவசாயிகளின் கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து, நிலத்தடி நீருக்குக் கணித மாதிரி அமைத்திருக்கிறார்கள்.

மாதிரி என்றால் பயப்பட வேண்டாம். அது நம் வீட்டு வரவு செலவுக் கணக்குதான். மழை வரவு, மோட்டார் செலவு, நீர்மட்டம் கையிருப்பு. அங்கே அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளிலும் மேலே சிதைந்த அடுக்கிலும்தான் நீர் தங்கும். நூற்றில் ஒரு பங்குதான் நீருக்கு இடம் என்று வைத்துக்கொள்வோம். 1 செ.மீ. மழைநீர் உள்ளே இறங்கினால் மட்டம் 1 மீட்டர் உயரும். கிணற்றில் அளந்தது அப்படி இல்லையென்றால், கணக்கில் போட்ட எண்களை மாற்றி ஒத்துவரச் செய்வார்கள். இதுவே அளவுத்திருத்தம்.

இதில் ஒரு பொறி உண்டு. இரண்டு பங்கு இடம், 2 செ.மீ. வரவு என்று போட்டாலும் அதே 1 மீட்டர்தான் வரும்! விடை பொருந்திவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்றாகிவிடாது. அப்படியானால் எதை நம்புவது? மழையில்லாத மாதங்களில் வரவு கிடையாது. அப்போது எவ்வளவு இறைத்தோம், மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளந்தால் பாறையின் குணம் தெரிந்துவிடும்.

பேரம்பாடியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பள்ளத்தில் நீர் மேலாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே மேட்டைவிடப் பள்ளத்தில்தான் மட்டம் ஆழமாகக் கிடந்தது. பள்ளத்து நிலங்களில் நெடுங்காலமாக நிறைய இறைத்ததே காரணம். இறைப்பைக் கணக்கில் சேர்க்காத மாதிரிக்கு இது பிடிபடாது.

தம்பியிடம் சொன்னேன்: "ஒரே வங்கிக் கணக்குக்கு மூணாவது செக் புக் வாங்கினா பணம் கூடுமாப்பா? முதல்ல ஒரு நோட்டுப் போடு. காலையில மோட்டார் போடறதுக்கு முன்னாடி மட்டத்தை அள. பீப்பாய் எத்தனை விநாடியில நிறையுதுன்னு பாரு. மோட்டார் ஓடின நேரத்தையும் மழையையும் எழுது."

அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் நோட்டுப் போட்டுவிட்டான். நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. ஊரில் நிலமுள்ள நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இப்படி ஒரு நோட்டுப் போட்டு வைக்கலாமே!