புதுக் காரின் சாவி கைக்கு வந்துவிட்டது, அடுத்து என்ன?

நம்மில் பலருக்கு வீட்டிற்கு அடுத்தபடியாக வாழ்க்கையில் வாங்கும் பெரிய பொருள் கார்தான். வீட்டிலேயே முதல் ஆளாகக் கார் வாங்குகிற இளைஞர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். விலை, நிறம், மாதத் தவணை பற்றியெல்லாம் ஆறு மாதம் விசாரிப்பார்கள். சாவி கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியவற்றை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், காரை மாலை மங்கிய பிறகு எடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில்தான் சாயத்தில் உள்ள கீறலும் கதவின் விளிம்பில் உள்ள நசுங்கலும் தெரியும். மழை பெய்து கார் நனைந்திருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பதிவு ஆவணத்தில் இருக்கும் இயந்திர எண்ணும் சேஸி எண்ணும் காரில் பொறித்திருக்கும் எண்களோடு ஒத்துப்போக வேண்டும். சாவி இரண்டு, உத்தரவாதப் புத்தகம், ஜாக்கி, மாற்று டயர் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சில புதிய கார்களில் மாற்று டயருக்குப் பதிலாக ஓட்டை அடைக்கும் மருந்தும் சிறிய காற்றடிக்கும் கருவியும்தான் கொடுக்கிறார்கள். நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று இதைத் தெரிந்துகொள்வது நல்லதல்ல. எல்லாம் பார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடுங்கள்.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குத்தான் போவோம். அர்ச்சனை செய்து, எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றி எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் முன்கண்ணாடியில் பார்வை படும் இடத்தில் சந்தனம் குங்குமம் பூச வேண்டாம் என்று ஐயரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பயணி இருக்கைக்கு நேராக, முன்பலகையின் மேல், பிள்ளையார் சிலையையோ முருகன் சிலையையோ பசை போட்டு ஒட்டுகிறோம். பல கார்களில் அந்த இடத்தின் அடியில்தான் பயணியின் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. விபத்து நேரும்போது அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். மேலே ஒட்டிய சிலை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் முகத்தை நோக்கிக் கல்லைப் போலப் பறக்கும். எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் எதையும் ஒட்டாதீர்கள். சாமி படத்தைக் காற்றுப்பை இல்லாத இடத்தில் சிறியதாக வைத்துக்கொள்ளலாம். இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள கார்களுக்கு, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இருக்கை உறையும் ஆபத்தானதே.

இப்போது காப்புறுதிக்கு வருவோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். முதல் ஆண்டுக் காப்புறுதியை விற்பனையாளரே ஏற்பாடு செய்து கொடுத்துவிடுவார். 'முழுக் காப்புறுதி' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாவற்றுக்கும் இழப்பீடு கிடைக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. நம் நாட்டில் சாதாரண முழுக் காப்புறுதி மோதல், தீ, திருட்டு, அடுத்தவருக்கு ஏற்படும் காயம், சேதம் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கும். வெள்ளம், நிலச்சரிவு போன்றவை அதில் சேராது. தனியாகப் பணம் கட்டி அதைச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை மூழ்கிக் கிடந்த கார்களை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தக் கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்குக் கார் போனது, ஆனால் கடன் போகவில்லை. அதுதான் மிகக் கொடுமையானது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 50,000 வெள்ளிக் காருக்கு 5,000 முன்பணம் கட்டி, மீதி 45,000-ஐ 3 விழுக்காட்டு வட்டியில் ஒன்பது ஆண்டுக் கடனாக எடுத்திருக்கிறீர்கள். மாதத் தவணை சுமார் 530 வெள்ளி. இரண்டு ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய பிறகும், கடனை முழுதாக முடிக்க ஏறக்குறைய 37,000 வெள்ளி தேவைப்படும். அதற்குள் காரின் சந்தை மதிப்பு 34,000-க்கு இறங்கியிருந்து, கார் திருடு போனால், காப்புறுதிப் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். பாக்கி 3,000 வெள்ளியை நீங்கள் கட்ட வேண்டும், கையில் காரும் இருக்காது. வெள்ளப் பாதுகாப்பு இல்லாமல் கார் மூழ்கிவிட்டால் 37,000-மும் உங்கள் தலையில்தான். ஆகையால், இரண்டாம் ஆண்டில் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது, காப்புறுதித் தொகை சந்தை மதிப்பா அல்லது முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பா என்று முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலிவாக முடிக்க வேண்டும் என்று தொகையைக் குறைத்துப் போட்டால், பின்னால் சிறு விபத்துக்கான இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும்.

கண்ணாடிக்கான பாதுகாப்பும் தனிதான். லோரியிலிருந்து தெறிக்கும் ஒரு சின்னக் கல் போதும் முன்கண்ணாடி விரிய. இந்தப் பாதுகாப்பை எடுத்திருந்தால், கண்ணாடிக்கு மட்டும் கோரிக்கை வைப்பதால் உங்கள் என்.சி.டி. கழிவு பாதிக்கப்படாது. இந்தக் கழிவு முதல் ஆண்டுக்குப் பிறகு 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45 என ஏறி, ஐந்தாம் ஆண்டில் 55 விழுக்காட்டை எட்டுகிறது. அது காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்றாலும் அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, யார் ஓட்டுவது என்ற பிரச்சினை. புதுக்கார் வந்ததும் மச்சான், "ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்பார். மறுக்க முடியாது! ஆனால் பல ஒப்பந்தங்களில், பெயர் குறிப்பிடாதவரோ 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோ 'பி' உரிமம் வைத்திருப்பவரோ ஓட்டி விபத்து நேர்ந்தால், பழுது செலவில் முதல் 400 வெள்ளியை நீங்களே ஏற்க வேண்டும். உரிமமே இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்தால் காருக்கு இழப்பீடே கிடைக்காமல் போகலாம். அடிக்கடி ஓட்டுபவர்களின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பள்ளி விடுமுறையில் ஹாட்யாய் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: நம் காப்புறுதி சிங்கப்பூர், புருணை வரை செல்லும், தாய்லாந்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். பகுதி நேரமாகப் பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்க நினைப்பவர்களும் அதற்கான கூடுதல் காப்புறுதி இல்லாமல் சாலையில் இறங்கக்கூடாது.

இனி காரின் ஓட்டத்தைப் பார்ப்போம். முதல் 1,000 கிலோமீட்டர் இயந்திரத்தின் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று பழகும் காலம். இந்தக் காலத்தில் அழுத்தி மிதிப்பதும், நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போவதும் வேண்டாம். பிரேக்கும் டயரும்கூடப் புதிது என்பதால் முன்காருக்குச் சற்றுக் கூடுதல் இடைவெளி விடுங்கள். உள்நாட்டுக் கார்களுக்குப் பொதுவாக 1,000 கிலோமீட்டரிலோ ஒரு மாதத்திலோ, எது முதலில் வருகிறதோ அப்போது முதல் சேவை. "கார்தான் நல்லா ஓடுதே" என்று அதைத் தள்ளிப் போடுபவர்கள் உண்டு. பிற்பாடு கியர்பெட்டி பழுதாகி உத்தரவாதம் கேட்கும்போது, அந்த முதல் முத்திரை இல்லாததே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். தெரிந்த பட்டறையில் அலாரம், கேமரா பொருத்தும்போது மின்கம்பியை வெட்டி இணைப்பதும் அப்படித்தான்.

டயர் காற்றை எண்ணெய் நிலையத்தில் அடைக்கிறோம். எவ்வளவு என்று கேட்டால் நண்பர் சொன்ன எண்ணைச் சொல்கிறோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையிலேயே உங்கள் காருக்கான அளவு இருக்கிறது. டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். கொண்டுவரும் வழியில் தட்டையாகாமல் இருக்கச் சில கார்களுக்குக் காற்றைக் கூடுதலாக அடைத்திருப்பார்கள், எனவே முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்.

அழகுபடுத்தும் ஆசைக்கும் ஓர் எல்லை உண்டு. கறுப்புத் தாள் ஒட்டினால் முன்கண்ணாடி 70 விழுக்காடும், முன்கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். 2019 மே மாதம் முதல் பின்பகுதிக் கண்ணாடிகளுக்குக் கட்டுப்பாடு இல்லை. எண் பலகையில் எழுத்தைச் சாய்த்தும் சேர்த்தும் எழுதினால் ஜே.பி.ஜே. நிறுத்தும். குழந்தை உள்ளவர்கள், பூச்சு, விளக்கு இவற்றுக்குச் செலவழிக்கும் முன் குழந்தை இருக்கை வாங்குங்கள். அது 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து கட்டாயம். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையைக் காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

2023 பிப்ரவரியிலிருந்து தனியார் காருக்குச் சாலை வரி வில்லையை ஒட்டத் தேவையில்லை, மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும். வில்லை கண்ணெதிரே இல்லாததால் முடியும் தேதியை மறந்துவிடுகிறோம். கைத்தொலைபேசியில் ஒரு மாதத்திற்கு முன்பே நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்கவும் முடியாது.

காப்புறுதி நிறுவனத்தின் இழுவை உதவி எண்ணை, கார் எடுத்த அன்றே கைத்தொலைபேசியில் பதிந்துவிடுங்கள். விபத்து நடந்த ஐந்தாவது நிமிடத்தில், நாம் அழைக்காமலே ஓர் இழுவை லோரி வந்து நிற்கும். பதற்றத்தில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், கார் எந்தப் பட்டறைக்குப் போகிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. அடுத்தவர் காரின் எண்ணையும் இரு கார்களின் நிலையையும் படம் எடுத்துக்கொண்டு, உங்கள் நிறுவனத்தை அழையுங்கள். அருகிலுள்ள காவல் நிலையத்தில் 24 மணி நேரத்திற்குள் புகார் செய்துவிட வேண்டும்.